பழைய பைக்குக்குப் புது மீட்டர்: முள்ளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

மதுரையில் ஆர்எக்ஸ் 100, யெஸ்டி, பழைய புல்லட் என்று எந்த வண்டியைப் பிரித்துப் புதுப்பிக்க எடுத்தாலும், பெயின்ட், குரோம், சீட் எல்லாம் முடிந்த பிறகு வேலை மீட்டரில் வந்து நிற்கும். கண்ணாடி மங்கியிருக்கும். முள் துள்ளும், இல்லையென்றால் அசையவே அசையாது. அசல் மீட்டர் லேசில் கிடைப்பதில்லை. கிடைத்தால் விலை கட்டுப்படியாவதில்லை. ஆன்லைனில் தேடினால், வேகம், ஆர்.பி.எம். (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது), கியர், கடிகாரம் எல்லாவற்றையும் ஒரே வட்டத்துக்குள் காட்டும் டிஜிட்டல் மீட்டர் கண்ணைப் பறிக்கிறது.

வாங்கி மாட்டிய பிறகுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. 60-ல் போகிற வண்டி 84 காட்டுகிறது. இடது இண்டிகேட்டரைப் போட்டால் நான்கும் சேர்ந்து மின்னுகின்றன. ஹைபீம் அடித்த மறுநொடி திரை செத்துப்போகிறது. இது சட்டப்படி சரியா என்ற பயம் வேறு.

இத்தனைக்கும் வேர் ஒன்றுதான். வேகத்தை அளப்பது ஒரு சங்கிலி வேலை. அது சக்கரத்தில் தொடங்கி, ஹப், கேபிள் அல்லது சென்சார், வயரிங் வழியாக வந்து மீட்டரில் முடிகிறது. நாம் கடைசிக் கண்ணியை மட்டும் கழற்றி வேறொன்றை மாட்டுகிறோம். முன்னால் இருக்கும் கண்ணிகளோடு அது பொருந்துகிறதா என்பதைப் பார்ப்பதில்லை.

கேபிள் மீட்டருக்குள் என்ன நடக்கிறது?

முன்சக்கர ஹப்புக்குள் ஒரு சிறிய பல்சக்கரம் இருக்கிறது. மெக்கானிக்குகள் அதை மீட்டர் பினியன் என்பார்கள். சக்கரம் உருள உருள, கேபிளுக்குள் இருக்கும் முறுக்குக் கம்பியை அது சுற்றிவிடுகிறது. கம்பியின் மறுமுனை மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சுற்றி ஒரு அலுமினியக் கிண்ணம். அந்தக் கிண்ணத்தின் அச்சில்தான் முள் நிற்கிறது.

அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணத்தையும் கூடவே திருப்பப் பார்க்கும். ஒரு மெல்லிய சுருள்வில் அதைப் பின்னுக்கு இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். ஜெர்மானியப் பொறியாளர் ஓட்டோ ஷுல்ட்சே 1902-ல் காப்புரிமை பெற்ற முறை இது. பேட்டரி வேண்டாம், வயர் வேண்டாம். நூறாண்டுக்கு மேல் உலகம் முழுக்க ஓடிய அருமையான ஏற்பாடு.

ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் எண்களுக்கும் காந்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. அவை அதே கம்பியிலிருந்து பல்சக்கரங்கள் வழியாக நேராகச் சுற்றுகின்றன. இந்த ஒரு விஷயம் தெரிந்தால், மீட்டரைக் கழற்றாமலே கோளாறு எங்கே என்று சொல்லிவிடலாம்.

1. எண் ஓடுகிறது, முள் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் கோளாறு மீட்டருக்குள் இருக்கிறது.
2. முள்ளும் எண்ணும் சேர்ந்து நின்றுவிட்டால், பெரும்பாலும் கேபிள் அறுந்திருக்கும். இல்லையென்றால் பினியன் பல் தேய்ந்திருக்கும்.
3. முள் துள்ளினால் கேபிள் உலர்ந்திருக்கும், அல்லது ஹேண்டில்பாருக்குக் கீழே எங்காவது மடங்கியிருக்கும்.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் மீட்டரை மாற்றவே தேவையில்லை. கேபிள் வேலை சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். கேபிளுக்கு கிரீஸ் வைக்கும்போது மட்டும் மேல்முனையில் அரைச் சாண் அளவு விட்டுவிட வேண்டும். முழுக்கப் பூசினால், கம்பி சுற்றச் சுற்ற கிரீஸ் மேலேறி மீட்டருக்குள் புகுந்துவிடும். அப்புறம் நல்ல மீட்டரும் கெடும்.

முதல் வகைக் கோளாறுக்கும் பழுதுபார்ப்பு என்ற வழி உண்டு. டி.வி.எஸ். நிறுவனம் 1911-ல் பிறந்த ஊர் இது; மோட்டார் வேலை இங்கே பழைய தொழில். மீட்டரைப் பிரித்து, சுருள்வில்லைச் சரிசெய்து, கண்ணாடி மாற்றித் தரும் கைவேலைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிம்மக்கல் பக்கம் ஒர்க்‌ஷாப் ரோட்டு உதிரிபாகக் கடைகளில் விசாரித்துப் பார்த்துவிட்டுப் புதிதுக்குப் பணம் கட்டுவது நல்லது.

மாற்றுவதற்கு என்னென்ன கிடைக்கிறது?

வண்டி கம்பெனி தராமல் வேறு தயாரிப்பாளர்கள் செய்து விற்பதற்கு ஆஃப்டர்மார்க்கெட் மீட்டர் என்று பெயர். தைவானின் கோசோ, ஏஸ்வெல், ஜெர்மனியின் மோட்டோகேட்ஜெட் போன்றவை இதில் தெரிந்த பெயர்கள். பெயரில்லாமல் 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று விற்பவையும் ஏராளம்.

வேலை செய்யும் விதத்தை வைத்துப் பார்த்தால், அதே கேபிளில் ஓடும் முள் மீட்டர் ஒன்று. சக்கரத்தில் காந்தமும் ஃபோர்க்கில் சென்சாரும் வைத்து எண்ணும் மின்னணு மீட்டர் இன்னொன்று. முள்ளோ, எல்.சி.டி. திரையோ, டி.எஃப்.டி. வண்ணத்திரையோ, முகம் எதுவானாலும் இதன் உள்வேலை ஒன்றுதான். மூன்றாவது, செயற்கைக்கோளிடமிருந்து வேகத்தை எடுக்கும் ஜி.பி.எஸ். மீட்டர். திறந்த சாலையில் சீரான வேகத்தில் இது மிகத் துல்லியம். சக்கர அளவு, டயர் தேய்மானம் எதுவும் இதைப் பாதிக்காது. ஆனால் சாவி போட்டதும் செயற்கைக்கோளைப் பிடிக்க நேரம் எடுக்கும். வேகம் சட்டென்று மாறும்போது சற்றுப் பின்தங்கிக் காட்டும். நத்தம் ரோட்டில் 7.3 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு அடியில் போனாலோ, மாசி வீதிகளை ஒட்டிய நெருக்கமான சந்துகளில் நுழைந்தாலோ தடுமாறலாம். ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு அதை மட்டும் நம்புவது சரிவராது.

60-ஐ 84 என்று காட்டுவது ஏன்?

கேபிள் மீட்டரில் பதில் எளிது. ஒரு கிலோமீட்டர் ஓடினால் கேபிள் எத்தனை சுற்று சுற்றும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் ஹப் 1,400 சுற்று தருகிறது, வாங்கிய மீட்டர் 1,000 சுற்றுக்காகச் செய்யப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் எல்லாவற்றையும் 1.4 மடங்காகக் காட்டும். 60 என்பது 84 ஆகும். ஓடிய தூரமும் அதே விகிதத்தில் ஏறும். கேபிளின் நெட் பொருந்துகிறதே என்று வாங்கினால் இதுதான் நடக்கும்.

மின்னணு மீட்டரில் நாம் இரண்டு எண்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒன்று சக்கரத்தின் சுற்றளவு. மற்றொன்று, சக்கரம் ஒரு சுற்றுக்கு எத்தனை துடிப்பு தருகிறது என்பது. துடிப்பு என்றால் காந்தம் ஒருமுறை சென்சாரைக் கடப்பது.

சுற்றளவை டயரில் எழுதியிருக்கும் அளவிலிருந்தே கணக்கிடலாம். ஸ்பிளெண்டரின் முன்டயர் 2.75-18 என்றால் ரிம் விட்டம் 18 அங்குலம், அதாவது 457 மில்லிமீட்டர். டயரின் உயரம் 2.75 அங்குலம், ஏறக்குறைய 70 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக 140. மொத்த விட்டம் 597, அதை 3.14-ஆல் பெருக்கினால் சுமார் 1,875 மில்லிமீட்டர். புல்லட்டின் 3.25-19 முன்டயருக்கு இதே கணக்கு ஏறக்குறைய 2,035 வரும். ஸ்பிளெண்டரில் மாட்டிய மீட்டரில் புல்லட்டின் எண் கிடந்தால் 60-ல் போகும்போது 65 காட்டும்.

இதைவிட நல்ல வழி அளந்து பார்ப்பது. டயரில் காற்றைச் சரியாக வைத்து, தரையிலும் டயரிலும் ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். ஒருவர் வண்டியில் உட்கார்ந்த நிலையிலேயே ஒரு முழுச்சுற்று உருட்டி, தூரத்தை டேப்பால் அளந்துவிடுங்கள். ஆள் எடையில் டயர் சற்று அமுங்குவதால், கணக்கில் வந்ததைவிட இது கொஞ்சம் குறைவாக இருக்கும். இதுதான் மீட்டருக்குத் தர வேண்டிய எண்.

காந்தம் ஒன்றே ஒன்று வைத்தால் மெதுவாகப் போகும்போது எண் தாவும். 10 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 1.875 மீட்டர் சக்கரம் ஒரு நொடிக்கு ஒன்றரைச் சுற்றுதான் சுற்றுகிறது. மீட்டருக்குக் கிடைப்பது அவ்வளவுதான். சம இடைவெளியில் காந்தங்களைக் கூட்டி, அந்த எண்ணிக்கையை மீட்டரில் மாற்றினால் இது சரியாகும். சிலர் சென்சாரை இன்ஜின் பக்கத்து ஸ்ப்ராக்கெட்டில் (செயினை ஓட்டும் பல்சக்கரம்) வைக்கிறார்கள். வேலை சுலபம்தான். ஆனால் பின்னாளில் ஸ்ப்ராக்கெட் பல் எண்ணிக்கையை மாற்றினால் வேகக் கணக்கும் மாறிவிடும்.

ஆர்.பி.எம்.மில் ஒரு பொறி இருக்கிறது. நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் என்றால் இரண்டு சுற்றுக்கு ஒரு தீப்பொறி என்று பாடத்தில் படித்திருப்போம். பழைய பாயின்ட் வைத்த புல்லட்டில் அப்படித்தான். ஸ்பிளெண்டர் போன்றவற்றிலோ, தீப்பொறிக்கு நேரம் சொல்லும் பல்சர் காயில் (பல்சர் வண்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) மேக்னெட் பக்கத்தில் இருப்பதால், ஒவ்வொரு சுற்றுக்கும் தீப்பொறி விழுகிறது. ஒன்றுவிட்டு ஒன்று வீணாகப் போகும். ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக், அதனால் சுற்றுக்கு ஒன்று. இந்த அமைப்பு தவறினால் ஐடிலிங்கில் 1,000 ஓடும் இன்ஜின் 500 என்றோ 2,000 என்றோ காட்டும்.

மின்சாரம்: மீட்டர்கள் சாகும் இடம்

பழைய மீட்டருக்கு மின்சாரம் பல்புக்கு மட்டும்தான். பேட்டரி படுத்தாலும் முள் ஓடும். டிஜிட்டல் மீட்டர் ஒரு சிறு கணினி. அதற்குச் சுத்தமான, நிலையான 12 வோல்ட் டி.சி. (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) வேண்டும். பழைய வண்டிகளில் அதுதான் கிடைப்பதில்லை.

பழைய ஸ்பிளெண்டர் போன்ற பல 100 சி.சி. வண்டிகளில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை. இன்ஜினின் லைட்டிங் காயிலிலிருந்து வரும் ஏ.சி. மின்சாரத்தில் நேராக எரிகிறது. உங்கள் வண்டி எப்படி என்று தெரிந்துகொள்வது சுலபம்: இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் போட்டு ஹெட்லைட் சுவிட்சைத் தட்டுங்கள். எரியாவிட்டால், இன்ஜின் ஓடும்போது முறுக்க முறுக்க வெளிச்சம் கூடினால், அது ஏ.சி. லைன். புது மீட்டரின் ஹைபீம் வயரை அந்த லைனில் கொடுத்தால், திசை மாறி மாறி வரும் மின்னோட்டம் டி.சி.க்காகச் செய்த சர்க்யூட்டுக்குள் பாய்ந்து அதைக் கொன்றுவிடும். ஹைபீம் அடித்ததும் திரை இருண்டது இதனால்தான். மீட்டரின் ஹைபீம் வயரை இணைக்காமல் விட்டு, பழைய மாதிரியே தனியாக ஒரு சிறு பல்பு வைத்துக்கொள்வதே பத்திரமான வழி.

அடுத்தது, வோல்டேஜ் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளும் ரெகுலேட்டர். மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்து, இன்ஜினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் நல்லது. 15-ஐத் தாண்டினால் முதலில் ரெகுலேட்டரைச் சரிசெய்ய வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு கிக்கரை நம்பியே ஓட்டும் வழக்கமும் நம் ஊரில் உண்டு. வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்வது பேட்டரிதான். அது இல்லாத வண்டியில் டிஜிட்டல் மீட்டர் வைக்கவே கூடாது.

ஆர்.பி.எம். வயரை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். இக்னிஷன் காயிலின் பிரைமரி வயரில், தீப்பொறி விழும் நொடியில் 200 வோல்ட்டுக்கு மேல் எழும். மீட்டர் அதைத் தாங்கும் என்று அதன் வயரிங் படத்தில் தெளிவாகப் போட்டிருந்தால் மட்டுமே அங்கே இணைக்கலாம். இல்லையென்றால் பிளக் வயரின் ரப்பர் உறைமேல் நாலைந்து சுற்றுச் சுற்றிவிட்டால் போதும். தொடாமலேயே துடிப்பை எடுத்துக்கொள்ளும். ரெசிஸ்டர் வைத்த பிளக் கேப் மாட்டினால் எண் குதிப்பதும் குறையும்.

நான்கு இண்டிகேட்டரும் மின்னுவதற்குக் காரணம் புது மீட்டரில் இண்டிகேட்டருக்கு ஒரே ஒரு வயர் இருப்பது. இடது லைனையும் வலது லைனையும் அந்த ஒரே வயரில் முறுக்கிவிட்டால், இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடுகிறது. ஒவ்வொரு லைனிலும் ஒரு டயோடு வைத்து, அதன் பிறகு சேர்க்க வேண்டும். டயோடு மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சின்னப் பொருள். 1என்4007 என்று எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டால் தருவார்கள். இடது, வலது தனித்தனி வயர் உள்ள மீட்டரில் இந்தச் சிக்கலே வராது.

நியூட்ரல் விளக்கு பெரும்பாலான வண்டிகளில் எர்த் பக்கம் சுவிட்ச் ஆகிறது. மீட்டரும் அப்படி எதிர்பார்க்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் முள் இருக்கும் வண்டி என்றால், டேங்கில் உள்ள மிதவையின் ஓம் அளவும் (மின்தடை) மீட்டரில் தேர்ந்தெடுக்கும் ஓம் அளவும் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் அரை டேங்க் இருக்கும்போதே காலி என்று காட்டும்.

கடிகாரத்துக்காக, சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் எடுக்கும் ஒரு வயர் இருக்கும். அது 5 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று கொண்டால், ஒரு நாளைக்கு 0.12 ஆம்பியர் மணி. 2.5 ஆம்பியர் மணி பேட்டரி மூன்று வாரத்தில் காலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கும் வண்டிக்கு இது பெரிய விஷயமில்லை. மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு அந்த வயரில் ஒரு சுவிட்ச் வைப்பது நல்லது. எந்த வண்டியானாலும் மீட்டர் லைனில் தனியாகச் சிறிய ஃபியூஸ் ஒன்று வேண்டும். அசல் வயரிங்கை வெட்டாமல், கப்ளர் வாங்கி இடையில் கோத்துச் செய்யுங்கள். நாளைக்கே பழைய மீட்டருக்குத் திரும்ப வேண்டியிருந்தாலும் ஐந்து நிமிட வேலை.

புது வண்டிகளில் தொடாதீர்கள்

இதுவரை சொன்னது பழைய வண்டிகளுக்கு. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது இருசக்கர வாகனங்களுக்கு ஏ.பி.எஸ். (பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை மாசு விதி வந்தது. இந்த வண்டிகள் பலவற்றில் மீட்டரும் இன்ஜின் கணினியும் ஏ.பி.எஸ். பெட்டியும் ஒரே தகவல் கம்பியில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. வேகம் என்ற தகவலே சில வண்டிகளில் ஏ.பி.எஸ். சென்சாரிலிருந்துதான் மீட்டருக்கு வருகிறது. பொது மீட்டர் ஒன்றுக்கு அந்த மொழி தெரியாது.

இதில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து எச்சரிக்கை விளக்குகள். ஏ.பி.எஸ். கெட்டுப்போனால் அதைச் சொல்வது மீட்டரில் இருக்கும் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு. அந்த விளக்கு இல்லாத மீட்டரை மாட்டிவிட்டு, மழையில் ஈரச் சாலையில், ஏ.பி.எஸ். இருக்கிறது என்ற நம்பிக்கையில் பிரேக்கை அழுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அழகுக்காக இதைச் செய்ய வேண்டாம். வாரண்டி போவதெல்லாம் இதற்கு அடுத்துதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் தந்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை வலுவாக உறுதிசெய்தது.
2. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.
3. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் விதி 117, வேகத்தை ஓட்டுநருக்குக் காட்டும் ஸ்பீடோமீட்டரைப் பற்றியது.

ஆர்.சி. புக்கில் இன்ஜின் எண், சேசிஸ் எண், நிறம், எரிபொருள் எல்லாம் இருக்கும். மீட்டர் மாடல் இருக்காது. ஆகவே கெட்டுப்போன மீட்டருக்குப் பதிலாக ஒழுங்காக வேகம் காட்டும் வேறு மீட்டர் வைப்பதை, சைலன்சரையோ சேசிஸையோ மாற்றுவதோடு ஒன்றாக வைக்க முடியாது என்பதே இந்தப் பிரிவுகளைப் படித்தால் கிடைக்கும் எண்ணம். மீட்டரே இல்லாமல், அல்லது ஓடாத மீட்டரோடு சாலைக்கு வருவதுதான் நேரடியான தவறு. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவதும் அவசியம். வயரிங்கில் தீப்பிடித்தால் முதலில் அவர்கள் பார்ப்பது எதை மாற்றினீர்கள் என்பதைத்தான்.

வெயிலும் மழையும்

எல்.சி.டி. திரைக்குள் இருக்கும் திரவப் படிகம் சூடேறினால் ஒழுங்கை இழந்து கறுத்துவிடும். ஆறினால் பெரும்பாலும் திரும்பிவிடும். கத்திரி வெயிலில் மதுரை 40 டிகிரியைத் தாண்டும். நேர் வெயிலில் நிற்கும் கறுப்பு பிளாஸ்டிக் அதைவிட எவ்வளவோ சூடாகும். நிழலில் நிறுத்த வழியில்லாதவர்களுக்கு முள் மீட்டரே பொருத்தம். ஐப்பசி மழைக்கும் வாட்டர் சர்வீஸ் பம்புக்கும் ஐ.பி. 67 என்று போட்டதாகப் பார்த்து வாங்க வேண்டும். 6 என்றால் தூசி புகாது. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும். பம்பின் அழுத்தத்தை நேராக அடித்தால் அதற்கும் உத்தரவாதம் இல்லை. அப்புறம், வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். தெருவிளக்கு இல்லாத அழகர்கோவில் ரோட்டில் இரவில் முகத்துக்கு நேரே நீல ஒளி அடித்தால் சாலை தெரியாது.

மாட்டிய பிறகு சரிபார்ப்பது

ஐ.நா.வின் வாகன ஒழுங்குமுறை 39-ல் மீட்டர் துல்லியத்துக்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக் கூடாது. கூடுதலாகக் காட்டுவது பத்து சதவீதமும் 4 கிலோமீட்டரும் சேர்ந்த அளவைத் தாண்டக் கூடாது. உண்மையில் 60 என்றால் மீட்டர் 60-க்கும் 70-க்கும் இடையில் காட்டலாம்.

இதைச் சோதிக்க ஒத்தக்கடை தாண்டி மேலூர் போகும் நான்கு வழிச்சாலை போதும். காலையில், போக்குவரத்து குறைந்த நேரத்தில், பின்னால் ஒருவரை உட்காரவைத்துக்கொள்ளுங்கள். மீட்டரில் 60 வைத்துச் சீராகப் போங்கள். மஞ்சள் தலை வைத்த ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை எத்தனை நொடி ஆகிறது என்று பின்னால் இருப்பவர் போனில் எடுக்கட்டும். ஓட்டுகிறவர் போனைத் தொடவே கூடாது. மூன்று நான்கு கல்லுக்கு எடுத்துச் சராசரி பாருங்கள்.

3,600-ஐ அந்த நொடியால் வகுத்தால் உண்மை வேகம். 64 நொடி என்றால் 56; மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டுகிறது, விட்டுவிடலாம். 56 நொடி என்றால் 64. மீட்டர் குறைத்துக் காட்டுகிறது, சுற்றளவு எண்ணைக் கூட்டிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

அது சரியான பிறகு ஒரு வேலை பாக்கி. புது மீட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும். பழைய மீட்டர் எத்தனை கிலோமீட்டரில் நின்றது, எந்தத் தேதியில் மாற்றினீர்கள் என்று எழுதி, இரண்டு மீட்டரையும் ஒரு படம் எடுத்து, மீட்டர் வாங்கிய பில்லோடு ஆர்.சி. புக் உறைக்குள் வையுங்கள். வண்டியை விற்கும்போது அந்தத் தாளும் பழைய மீட்டரும் வாங்குகிறவர் கைக்குப் போக வேண்டும்.